வழிகாட்டலின் எல்லை

பிறருக்கு வழிகாட்டுதல் நற்செயல் என்பதில் எந்நாட்டு அறநூலும் எச்சமயமும் முரண்பட்டதில்லை. வழி தவறி நிற்பவனைக் கண்டும் காணாதவன்போற் செல்பவனை உலகம் பழிக்கவே செய்யும். ஆனால், வழியைத் தானே தேடிக் கண்டடைய வேண்டும் என்ற விருப்போடு புறப்பட்ட ஒருவனை ஒவ்வோர் அடியிலும் நிறுத்தி, அவன் கேளாமலே, 'இப்பக்கம் போ, இதனை எடு, இங்கே ஏறு' என்று சொல்லிக்கொண்டிருப்பதும் அந்நற்செயலின் பாற்படுமா? உதவியானது எவ்விடத்தில் உதவியாக இருப்பதை விட்டுவிடுகின்றது? இவ்வினா பழைமையானது. எனினும் அண்மைக் காலத்தில் இது மிகுந்த சூட்டோடு விவாதிக்கப்பட்ட களம் தத்துவ வகுப்பன்று. இளைஞரின் பொழுதுபோக்கெனக் கருதப்படும் கணினி விளையாட்டுக்களே. விளையாட்டுத்தானே என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் மாலைப்பொழுதிற் கைத்தொலைபேசித் திரையிற் கண்பதித்துக் கூடியிருக்கும் இளைஞரைக் காண்பவர், ஒரு தலைமுறை தேடலையும் தோல்வியையும் எதனூடாகப் பழகிக்கொள்கின்றது என்பதைச் சிறிதேனும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவராவர்.

சாகச விளையாட்டு எனப்படும் வகை தோன்றிய வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. 1976 ஆம் ஆண்டில் வில் குரோதர் என்னும் அமெரிக்கக் கணினி வல்லுநர், தாம் நேரில் இறங்கிப் பழகிய கென்டக்கி மாநிலத்துக் குகைகளை அடிப்படையாகக் கொண்டு ஒரு விளையாட்டை அமைத்தார். அடுத்த ஆண்டில் டொன் வூட்ஸ் என்பவர் அதனை விரித்தார். அதிற் படம் எதுவுமில்லை, எழுத்து மட்டுமே. விளையாடுபவர் தாம் நிற்கும் இடத்தைப் பற்றிய சில வரிகளைப் படித்துவிட்டு, ஓரிரு சொற்களைத் தட்டெழுதித் தம் செயலை அறிவித்தல் வேண்டும். குகையினுள்ளே ஒன்றைப்போலவே மற்றொன்று தோன்றும் அறைகள் கொண்ட ஒரு சிக்கல் உண்டு. அதில் அகப்பட்டோர் முதலில் மனங்கலங்கினர். பின்னர் தம் கையிலிருந்த பொருள்களை அறைக்கொன்றாகப் போட்டு, அவற்றையே அடையாளமாகக் கொண்டு, தாளில் வரைபடம் வரைந்து வெளியேறினர். இவ்வுபாயத்தை எவரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. அவர்கள் பெற்ற மகிழ்ச்சிக்கு வெளியேறியமை மட்டும் காரணமன்று. வெளியேறும் வழி தம் மூளையிலிருந்து பிறந்தமையும் காரணமாகும்.

பத்தாண்டுகளின் பின், 1986 இல், யப்பானிய நின்டென்டோ நிறுவனம் 'த லெஜண்ட் ஒவ் செல்டா' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதனை உருவாக்கியோருள் முதன்மையானவராகிய சிகெரு மியமோட்டோ, சிறுவயதிற் கியோட்டோவை அடுத்த நாட்டுப்புறத்தில் குன்றுகளிலும் குகைகளிலும் அலைந்த அனுபவமே அதற்கு ஊற்றென்று கூறியுள்ளார். விளையாட்டுத் தொடங்கியதும் விளையாடுபவர் ஒரு வெளியில் விடப்படுகின்றார். எத்திசையிற் செல்வதென்று சொல்வார் இலர். ஆயினும் அதே வரிசையில் 1998 இல் வந்த விளையாட்டில் ஒரு சிறு தேவதை கூடவே பறந்து 'கேள், கேள்' என்று அழைக்கலாயிற்று. 2011 இல் வெளிவந்த 'ஸ்கைவோட் சோட்' என்பதிலோ வாளில் உறையும் ஆவி ஒன்று, கண்ணெதிரே நிகழ்ந்ததையே மறுபடி விளக்கியது. கையிற் பிடித்த கருவியின் மின்கலம் தளர்கின்றது என்பதைக்கூட இடைமறித்து அறிவித்தது. இதனால் எழுந்த சலிப்பு எத்துணை என்பதற்கு, 2021 இல் அவ்விளையாட்டு மறுபடி வெளியிடப்பட்டபோது அவ்வாவியின் பேச்சைப் பெரிதும் குறைத்தமையே சான்று.

அதன் பின்னர் வந்தது மஞ்சள் வர்ணப் பிரச்சினை. ஏறத்தக்க பாறையிலும் உடைக்கத்தக்க பெட்டியிலும் மஞ்சள் வர்ணம் பூசி, 'இங்கேதான்' என்று காட்டும் வழக்கம் பரவலாயிற்று. 2023 இல் மறுஆக்கம் பெற்ற 'ரெசிடென்ட் ஈவில் 4' என்பதிலும், 2024 இன் தொடக்கத்தில் 'பைனல் பான்டஸி 7 ரீபேர்த்' என்பதன் முன்னோட்டத்திலும் இவ்வர்ணத்தைக் கண்ட விளையாட்டாளர் பலர் வெகுண்டனர். மனித நடமாட்டமே இல்லாத மலைமுகட்டில் வர்ணவாளியோடு ஏறிச் சென்றவர் யார் என்று நகைத்தனர். நகைப்பின் அடியில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. 'எங்களை நம்பவில்லையே' என்பதே அது.

இம்மனத்தாங்கல் நியாயமானதா என்று ஆராயுமுன், மறுபக்கத்தையும் கேட்டல் முறை. பழைய விளையாட்டில் திரையிற் காணப்பட்ட பொருள்கள் சிலவே. ஏணி என்று ஒன்று இருந்தால் அது ஏறுவதற்கே இருந்தது. இன்றோ ஒளிப்படத்திற்கு நிகரான தெளிவோடு ஆயிரம் பாறைகள் வரையப்படுகின்றன. அவற்றுள் ஏறத்தக்கவை சிலவே. உண்மையான மலையிற் கைவைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். திரையிற் கைவைக்க இயலாது. படம் உண்மையை நெருங்க நெருங்கப் பொய்யான பாறைகளும் பெருகின என்பது இதிலுள்ள விந்தை. மேலும், பார்வை குறைந்தோரும், நாள்முழுதும் உழைத்துவிட்டு அரைமணி நேரம் மட்டும் விளையாடக்கூடியோரும் இருக்கின்றனர். அவர்களுக்கு அம்மஞ்சள் வர்ணம் அவமதிப்பன்று, நுழைவாயில். பெரும்பொருட் செலவில் ஆக்கப்படும் விளையாட்டில் முதல் மணித்தியாலத்தில் தடுமாறியவர் திரும்பி வரமாட்டார் என்ற வணிக அச்சமும் உண்டு. ஆக்குவோர் தம் விளையாட்டைச் சிலரிடம் கொடுத்து மறைந்திருந்து நோக்குகின்றனர்; அவர்கள் எங்கே தயங்குகின்றனரோ அங்கே ஓர் அம்புக்குறி முளைக்கின்றது. தயக்கம் என்பது சிந்தனையின் புறத்தோற்றமாகவும் இருக்கலாம் என்பதை அம்முறை கருத்திற் கொள்வதில்லை. குறை அங்கேதான் உள்ளது.

ஐரோப்பியச் சிந்தனையாளர் இருவர் இவ்விடயத்தை விளையாட்டுக்களுக்கு நெடுங்காலம் முன்பே தொட்டுள்ளனர். ரூசோ, 1762 இல் வெளிவந்த 'எமீல்' என்ற நூலிலே, தம் மாணாக்கனுக்கு நடைபழக்கும் வண்டியோ, இடுப்பிற் கட்டி இழுக்கும் வாரோ, தலையிற் பஞ்சுத்தொப்பியோ வேண்டா என்கின்றார். விழுந்து எழுவதற்கு ஒரு புல்வெளி போதும் என்பது அவர் கொள்கை. இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் கான்ட் எழுதிய, அறிவொளி யாது என்பது பற்றிய சிறு கட்டுரையிலும் அவ்வண்டி மீண்டும் வருகின்றது. மனிதரின் பாதுகாவலராகத் தம்மை நியமித்துக்கொண்டோர் அவர்களை வண்டியினுள் அடைத்துவைத்து, வெளியே கால்வைத்தால் நேரும் ஆபத்தைக் காட்டி அச்சுறுத்துகின்றனர். உண்மையில் அவ்வாபத்து அத்துணைப் பெரிதன்று, சில தடவை விழுந்தால் நடை வந்துவிடும் என்பது அவர் வாதம்.

தமிழர் இல்லங்களிலும் நடைவண்டி உண்டு. ஆயின், கான்ட் கண்ட வண்டிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருப்பதைக் கவனித்தல் வேண்டும். அது குழந்தையை நடுவிலே நிறுத்திச் சுற்றிலும் தாங்கும் சட்டம். அதனுள் இருக்கும் குழந்தை விழவே இயலாது. மூன்று சில்லுக்கொண்ட நமது மரவண்டியோ குழந்தையின் முன்னே நிற்பது. குழந்தை அதன் பிடியைப் பற்றித் தள்ளினாலன்றி அது அசையாது. வேகமாகத் தள்ளினால் அது முன்னே ஓட, குழந்தை பின்னே விழும். துணையும் இருக்கின்றது, விழுதற்கு இடமும் இருக்கின்றது. தச்சன் இதனைத் தத்துவம் கருதிச் செய்தான் என்று சொல்வதற்கில்லை. மரம் மலிவு, சட்டம் கட்டுவது வேலை மிகுதி என்பதே காரணமாக இருத்தல் கூடும். ஆயினும் இவ்விரு வண்டிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு விளையாட்டுக்களை நோக்கின் சில செய்திகள் தெளிவாகும்.

1985 இல் வெளிவந்த 'சுப்பர் மாரியோ பிறதர்ஸ்' என்பதன் முதற்காட்சி பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. விளையாடுபவர் திரையின் இடப்பக்கத்தில் நிற்கின்றார். வலப்பக்கம் வெறுமையாக உள்ளது. எனவே வலப்பக்கம் செல்கின்றார். சிறிய பகையொன்று எதிரே வருகின்றது. அதன்மீது மோதினால் ஆட்டம் முடியும்; ஆனால் முடிந்தது சில விநாடிகளின் உழைப்பு மட்டுமே. மறுமுறை தாவுகின்றார். தாவும்போது தலைக்குமேல் இருந்த கேள்விக்குறிப் பெட்டியில் முட்டுகின்றார், நாணயம் கிடைக்கின்றது. ஒரு சொல்லும் சொல்லப்படாமலே ஒரு பாடம் முடிகின்றது. இங்கே வழிகாட்டி இல்லை என்று சொல்வது தவறு. வழிகாட்டி இருக்கின்றார், அவர் பேசவில்லை. பகையை எங்கே வைப்பது, பெட்டியை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று எண்ணியெண்ணி அமைத்துவிட்டு அவர் ஒதுங்கிவிட்டார். பேசுகின்ற ஆசிரியரைவிட ஒதுங்குகின்ற ஆசிரியர் மிகுதியாக உழைத்திருக்கின்றார் என்பதே உண்மை. அம்புக்குறி வரைவது சோம்பலின் வேலை என்று சொன்னால் அது கடுமையான தீர்ப்பாகத் தோன்றலாம். பல இடங்களில் அது பொருத்தமானதே.

அம்புக்குறியைப் பற்றிப் பேசும்போது அம்பாறைக் கரையோரத்தில் ஒரு கணம் நின்றேயாக வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் எழுந்து வந்தபோது இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது இம்மாவட்டமே. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களிற் கடலை அடுத்திருந்த குடியிருப்புக்கள் வரிசை வரிசையாக அழிந்தன. எதிர்வந்தது யாதென்று அன்று எவருக்கும் தெரியாது; சொல்வாரும் இலர். அதன் பின்னரே நாட்டின் கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்களும், எத்திசையில் ஓடவேண்டும் என்று காட்டும் பலகைகளும் நிறுத்தப்பட்டன. அப்பலகையிலுள்ள அம்புக்குறியை நோக்கி, 'எங்களை நம்பவில்லையே' என்று எவரும் மனந்தாங்க மாட்டார். அங்கே தேடிக் கண்டறிதலுக்குப் பெருமை இல்லை. சென்றுசேர்தலே முழுப்பயன், தேடலிற் கழியும் ஒவ்வொரு கணமும் இழப்பு. எனவே வழிகாட்டல் நன்று, தீது என்று பொதுவிற் கூறுதல் பொருந்தாது. சென்றுசேர்தல் பயனாகும் இடம் ஒன்று, தேடுதலே பயனாகும் இடம் வேறொன்று. முன்னதிலே அம்புக்குறியை நாட்டாமை குற்றம். பின்னதிலே அதனை நாட்டுதல், ஒருவன் உண்ண அமர்ந்த சோற்றை அவனுக்காகத் தானே உண்டுவிடுதலை ஒக்கும்.

பிழையின் விலை என்ன என்பது இதனோடு சேர்த்து எண்ணற்பாலது. விளையாட்டிலே நூறுமுறை இறந்தாலும் இழப்பு ஒன்றுமில்லை. அவ்வாறாயின் வழிகாட்டலின் தேவை மிகக் குறைந்த இடம் அதுவேயாதல் வேண்டும். நடைமுறையிலோ அங்கேதான் அது மலிந்து கிடக்கின்றது. மருதமுனைக் கைத்தறியை இதற்கு எதிரே வைத்துப் பார்க்கலாம். தறி வீட்டிற் பிறந்த பிள்ளை நூல் சுற்றிக் கொடுத்தலில் தொடங்கித் தறியிலே அமரும்வரை நெடுநாள் கண்ணாற் கண்டே கற்கின்றது. ஊடை தளர்ந்தால், பாவில் ஓரிழை அறுந்து கவனியாது விட்டால், அக்குறை சாரத்திலே கோடாகப் பதிந்து கிடக்கும். நூல் காசு கொடுத்து வாங்கியது. ஆகவே பிழைக்கு விலை உண்டு. எனினும் அவ்விலை ஒரு முழத் துணியின் விலையே. ஒரு வாழ்வின் விலையன்று. குறையைச் சுட்டுவதற்கு ஆள் வேண்டியதில்லை, துணியே சுட்டுகின்றது. கற்பவர் தாங்கக்கூடிய அளவில் வலிக்கும் பிழை என்று ஒன்று இருக்குமாயின் அது இதுவே.

வழி கேட்டல் என்பதும் குறைந்துவரும் ஒரு கலை. 2002 இல் வெளிவந்த 'மொறோவின்ட்' என்ற விளையாட்டிலே செல்லும் இடத்தைப் பாத்திரங்கள் சொல்லாலேயே விளக்குவர். ஆற்றைத் தொடர்ந்து போய், பாலத்தைக் கடந்து, பாறை தெரிந்ததும் திரும்பு என்ற முறையில் அவ்விளக்கம் அமையும். அதே வரிசையில் 2006 இல் வந்த 'ஒப்லிவியன்' திசைகாட்டியில் ஓர் அடையாளத்தை இட்டது. அதன்பின் ஆற்றையும் பாலத்தையும் பார்க்க வேண்டிய தேவை போயிற்று. கல்முனைக்குப் புதிதாக வருபவர் ஒரு வீட்டை விசாரித்தால், 'பெரிய ரோட்டால போங்க தம்பி, கடற்கரைப் பள்ளிக்குப் போற ரோட்டில திரும்பி, அங்கால ஆரிட்டயும் கேளுங்க' என்பது போன்ற விடைதான் கிடைக்கும். அவ்விடையில் வழி பாதி. மீதி, இடையில் இன்னொருவரிடம் பேசியாக வேண்டும் என்ற ஏற்பாடு. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இப்பகுதியில் அந்த 'இன்னொருவர்' யாராகவும் இருக்கலாம். கைத்தொலைபேசி வரைபடம் அவரைக் காட்டிலும் பிழையின்றி வழி காட்டும். ஆனால் அது எவரிடமும் பேசச் சொல்வதில்லை.

இனி, இக்கட்டுரைப் பொருளின் கடினமான பகுதிக்கு வருதல் வேண்டும். அது தனியார் வகுப்பு. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பத்து வயதுப் பிள்ளையை ஆயத்தம் செய்வதிலிருந்து உயர்தரம் வரை இந்நாட்டுக் கல்வியில் ரியூசன் வகுப்புப் பெற்றுள்ள இடம் யாவரும் அறிந்ததே. அங்கே கடந்தகால வினாத்தாள்கள் பகுத்துக் கொடுக்கப்படுகின்றன. எவ்வினாவுக்கு எத்தனை குறிப்புக்கள் எழுதவேண்டும் என்று சொல்லப்படுகின்றது. விடை வாசிக்கப்பட, மாணவர் எழுதிக்கொள்கின்றனர். மஞ்சள் வர்ணம் பூசிய பாறைக்கும் இதற்கும் தன்மையில் வேறுபாடு இல்லை. இதனைப் பழித்துப் பேசுதல் மேடைகளில் வழக்கம். பழிப்போருட் பலர் தம் பிள்ளைகளையும் அங்கேதான் அனுப்புகின்றனர் என்பது வேறு.

ஆயின் பழிப்பதற்கு முன் ஒரு மாணவியை எண்ணிப் பார்த்தல் தகும். தந்தை கடற்றொழிலாளி, வீட்டிலே புத்தகம் வாங்க வழியில்லை, உயர்தரப் பரீட்சையில் இசட் புள்ளியின் பின்னத்தில் ஒரு பகுதி அவள் பல்கலைக்கழகம் புகுவாளா வீட்டில் இருப்பாளா என்பதைத் தீர்மானிக்கும். அவளிடம் சென்று, 'நீயே தேடிக் கண்டறி. தடுமாறுதல் அறிவுக்கு நல்லது' என்று உபதேசிப்பவர் அவளுடைய நிலையை அறியாதவர். தடுமாறுவதற்கு அவகாசம் வேண்டும். அவகாசம் என்பது பெரும்பாலும் வசதியுள்ளோரின் உடைமை. நூலகத்தில் ஓராண்டு அலைந்து திரிந்து தன் விருப்பத்தைக் கண்டறியும் உரிமை யாருக்கு உண்டு என்று கேட்டால், அது வருமானத்தோடு தொடர்புடைய விடயம் என்பது புலனாகும். அவளைப் பொறுத்தவரையில் பரீட்சை என்பது வெளியேறும் பாதைக்குரிய பலகையை ஒத்தது. அம்புக்குறி அவளுக்கு நீதி.

சிக்கல் யாதெனில், கல்வி இயல்பால் இரண்டாம் வகையைச் சார்ந்தது; தேடுதலே அதன் பயன். பரீட்சை அதனை முதலாம் வகையாக மாற்றிவிட்டது. சென்றுசேர்தலே பயன் என்றாயிற்று. ஒரே மேசையில், ஒரே புத்தகத்தின் முன், இவ்விரண்டும் கலந்து கிடக்கின்றன. ஆசிரியர் ஒருவர் வினாவைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசாதிருப்பாராயின் மாணவர் சிலர் சிந்திக்கத் தொடங்குவர். சிலர் அடுத்த கிழமை அடுத்த வீதியிலுள்ள வகுப்புக்குச் சென்றுவிடுவர். விளையாட்டு நிறுவனத்தின் முதல் மணித்தியால அச்சமே இங்கும் ஆட்சி செய்கின்றது. அவரது மௌனத்துக்குக் கட்டணம் கொடுப்பார் இலர். இந்நிலையிற் குற்றத்தை ஆசிரியர்மீதோ மாணவர்மீதோ சுமத்துதல் எளிய வழி. ஒரே நாளிற் பத்தாண்டு உழைப்பை எடைபோடும் ஏற்பாட்டையே கேள்விக்குட்படுத்துதல் கடினமான வழி. பிழைக்கு அளவிறந்த விலையை வைத்துவிட்டு, பிழைக்க அஞ்சுகின்றாயே என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதில் நேர்மை இல்லை.

பிழையின் பயனை முதன்முதலிற் காட்சியாக்கியவர் பிளேட்டோ எனலாம். 'மெனோ' என்ற உரையாடலில் சோக்கிரதீஸ், எழுத்தறியாத ஓர் அடிமைச் சிறுவனை அழைத்து, இரண்டடிச் சதுரத்தின் பரப்பை இருமடங்காக்கும் பக்கம் யாது என்று கேட்கின்றார். நான்கடி என்கின்றான், பரப்பு எட்டுக்குப் பதிலாகப் பதினாறு ஆகின்றது. மூன்றடி என்கின்றான், ஒன்பது ஆகின்றது. இப்போது தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கின்றான். அவ்வுரையாடலின் முற்பகுதியில் மெனோ, தொட்டவரை மரத்துப்போகச் செய்யும் மின்திருக்கையைப் போன்றவர் நீர் என்று சோக்கிரதீஸைக் குறைகூறியிருந்தான். திருக்கைகளை அறிந்த இக்கரையோர மீனவருக்கு அவ்வுவமையின் கூர்மை நன்கு விளங்கும். மரத்துப்போனதால் இச்சிறுவனுக்குத் தீங்கு நேர்ந்ததா என்று இப்போது சோக்கிரதீஸ் திருப்பிக் கேட்கின்றார். இல்லை, முன்பு தெரிந்ததாக எண்ணியிருந்தான், இப்போது தேட விரும்புகின்றான். இதன்பின் நிகழ்வதைப் பலர் கவனிப்பதில்லை. மூலைவிட்டத்தைச் சிறுவன் கண்டுபிடிக்கவில்லை; சோக்கிரதீஸே அக்கோட்டைக் காட்டுகின்றார். அவரும் கைபிடித்தே நடத்தினார். ஆனால் இருமுறை விழுந்தபின்னரே கை நீட்டினார். கொடுத்த உதவி யாது என்பதைவிட அது எப்போது வந்தது என்பதே அங்கே முக்கியமாகின்றது.

'எப்போது' என்பதைக் கற்பவரே தீர்மானிக்க இடமளித்த ஒரு சிறிய ஏற்பாடு விளையாட்டு வரலாற்றில் இருந்தது. 1980 களின் தொடக்கத்தில் 'சோர்க்' முதலிய எழுத்து விளையாட்டுக்களுக்குக் குறிப்பு நூல்கள் வெளியிடப்பட்டன. அவற்றில் வினாக்கள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். விடைகள் புலப்படா மையினால் அச்சிடப்பட்டிருந்தன. கூட வந்த எழுதுகோலால் தேய்த்தாலன்றி அவை தோன்றா. ஒரே வினாவுக்கும் விடைகள் படிப்படியாக அமைந்திருந்தன; முதலாவது மெல்லியதொரு சாடை, அடுத்தது சற்றுத் தெளிவானது, இறுதியிலேதான் முழுவிடை. எத்தனை வரியைத் தேய்ப்பது என்பது விளையாடுபவரின் கையில் இருந்தது. முதல் வரியோடு நிறுத்திக்கொண்டவர் தம்மை மதித்தார். கடைசிவரை தேய்த்தவரையும் எவரும் தடுக்கவில்லை. 2018 இல் வந்த 'ஷடோ ஒவ் த டூம் ரெய்டர்' போன்ற சில விளையாட்டுக்கள், பாறைமீதுள்ள அடையாள வர்ணத்தை வேண்டாம் என்று நீக்கிக்கொள்ளும் வசதியை அளித்தமையும் இந்நெறியைச் சார்ந்ததே. பார்வை குறைந்தவர் வர்ணத்தை வைத்துக்கொள்வார்; மற்றவர் நீக்கிவிடுவார்.

இந்நெறியையும் முழுமையானதென்று கொள்வதற்கில்லை. தெரிவு செய்தற்கு முன், தெரிவு என்று ஒன்று உண்டென அறிந்திருத்தல் வேண்டும். ஒருபோதும் வழி தவறியிராத பிள்ளைக்கு வர்ணத்தை நீக்கும் எண்ணமே தோன்றாது. கேட்ட மாத்திரத்தில் முழுக்கட்டுரையையும் எழுதித்தரும் செயலிகள் கைத்தொலைபேசியில் வந்துவிட்ட இந்நாளில், முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளும் ஒழுக்கத்தை யார், எங்கே, எதனைக்கொண்டு பழக்குவது? அச்செயலிகளிடம் சாடை மட்டும் கேட்கவும் முடியும். கேட்பவர் அரியர். புலப்படா மையைத் தேய்ப்பதற்குச் சிறிது நேரம் பிடித்தது. அந்நேரத்தில் மனம் மாறுதற்கு வாய்ப்பு இருந்தது. இப்போது அச்சிறுநேரமும் இல்லை.

இத்தொடர்பில் இப்னு துபைலின் 'ஹய் இப்னு யக்ழான்' நினைவுக்கு வருதல் தவிர்க்கவியலாதது. 1185 இல் மறைந்த இவ்வந்தலூசிய மருத்துவர், நிலநடுக்கோட்டை அடுத்த இந்தியத் தீவொன்றிலே தன்னந்தனியாக வளரும் ஒரு குழந்தையைக் கதைத்தலைவனாக்கினார். 1671 இல் இது லத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவிற் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆசிரியர் எவருமின்றி அறிவின் உச்சியை அடைந்தவன் என்று ஹய் போற்றப்படுகின்றான். தீயைக் கண்டு கையை நீட்டிச் சுட்டுக்கொள்கின்றான். பின்னர் கொள்ளியின் எரியாத முனையைப் பற்றுகின்றான். ஆனால் கதையை ஊன்றிப் படிப்பவர் மற்றொன்றையும் காண்பர். அவனுக்கும் வழிகாட்டி ஒருத்தி இருந்தாள். அவனை வளர்த்த பெண்மான் அவனைக் கனிமரங்களிடம் அழைத்துச் சென்றது. கடினமான ஓடுகளைத் தன் பல்லால் உடைத்துக் கொடுத்தது. மாரியோவின் முதற்காட்சியை அமைத்தவரைப் போல அதுவும் பேசவில்லை. அவன் ஏழு வயதை எட்டிய வேளையில் அது இறந்தது. எது நின்றதால் இது அசையவில்லை என்று அறியும் வேட்கையில் அவன் அதன் மார்பைத் திறந்து பார்க்கின்றான். அவனது ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகின்றது.

கதையின் இறுதி அதனினும் சிந்தனைக்குரியது. முதிர்ந்த வயதில் ஹய், அப்ஸால் என்னும் நண்பனுடன் மக்கள் வாழும் அயற்றீவுக்குச் சென்று, தான் கண்டதை அவர்களுக்குக் கற்பிக்க முனைகின்றான். ஸலாமானின் ஆட்சிக்குட்பட்ட அம்மக்கள் முதலில் அவனை மதித்துக் கேட்டனர். அவன் சொற்களின் வெளிப்பொருளைக் கடந்து உட்பொருளுக்குச் சென்றதும் முகஞ்சுளித்தனர். ஐம்பதாண்டுகளாகத் தான் படிப்படியாக ஏறிய மலையை அவர்களுக்கு ஒரே மூச்சிற் காட்டிவிட அவன் முயன்றான் போலும். எவரிடமும் கற்றிராத அவனுக்கு, ஒருவருக்கு எந்நேரத்தில் எவ்வளவு சொல்வது என்பது தெரிந்திருக்கவில்லை. அவன் அவர்களிடம் பொறுத்தருளக் கேட்டு, தம் பழைய நெறியையே இறுகப் பற்றியிருக்கும்படி கூறிவிட்டு, அப்ஸாலுடன் தன் தீவுக்குத் திரும்பினான். ஸலாமானின் தீவிலிருந்த பிள்ளைகள் அதன்பின் எவ்வாறு கற்றனர் என்பதை இப்னு துபைல் எழுதவில்லை.